ஒரு சொல்லும் விடாமல் வந்த பாங்கு

காக்காவின் தொண்டையில் கட்டி என்று சொல்லி, குரல்வளையை வெட்டி எடுத்த பிறகு, எங்கள் கடற்கரைத் தக்கியாவில் பாங்கு சொல்ல ஆளில்லாமல் போனது.

தக்கியா என்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நடக்கிற பெரிய பள்ளிவாசல் அல்ல. முப்பது வீட்டுக்காரர் ஐவேளை தொழுவதற்கென்று கட்டிய ஒரு சிறிய கட்டிடம். புத்தளத்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து குடியேறிய பிறகு முதலில் ஓலையால் கட்டினோம், பிறகு கல்லால் கட்டினோம். காக்கா, என் மூத்த சகோதரர், அன்று முதல் அதற்கு மோதினார், தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்பவர். தக்கியாப் பூட்டின் திறப்பு அவருடைய இடுப்பில்தான் இருக்கும். முகாமில் இருந்த காலத்திலும் அங்குள்ள பள்ளியில் அவர்தான் பாங்கு சொன்னவர். அந்தக் குரலை நான் புகழ்ந்து எழுதினால் தம்பி எழுதுகிறான் என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். ஆகையால் விடுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவருக்குக் கழுத்தில் ஒரு துவாரம் இருந்தது. அதன் வழியாகத்தான் மூச்சு. வாயால் ஒரு சத்தமும் வராது. ஒரு கொப்பியும் பேனையும் எப்போதும் கையில் வைத்திருப்பார். விழுங்குவது பெரிய வேலையாகிவிட்டது. ஒரு கோப்பை தண்ணீர் குடித்து முடிக்கக் கால் மணித்தியாலம் எடுக்கும். மதினி பக்கத்தில் இருந்து கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பா.

ஊரில் புது மோதினார் வைக்கிற கதை வந்தது. பிழையான கதையல்ல. ஆனால் புது ஆள் வந்தால் திறப்பும் அவரிடம் போகும். காக்கா பின்னால் மற்றவர்களோடு போய் உட்கார வேண்டியதுதான். குரல் போனதே போதாதா, அந்த இடமும் போகவேண்டுமா என்று எனக்கு மனம் கேட்கவில்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். முசலியில் போன் திருத்துகிற, கமரா பூட்டுகிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். என் கையிலுள்ள தொழிலால் காக்காவுக்கு ஒன்று செய்யலாம் என்று யோசித்தேன்.

நான் குடியிருப்பது பெரிய பள்ளிக்குப் பக்கத்தில். தக்கியா அங்கிருந்து நாலு கிலோமீற்றர் தள்ளி, கடலோடு இருக்கிறது. பெரிய பள்ளியில் சொல்கிற பாங்கை இன்டர்நெட் வழியாகத் தக்கியாவின் ஒலிபெருக்கிக்குக் கொண்டுபோனால் புது மோதினார் தேவையில்லை. காக்கா திறந்து, பாய் விரித்து, பூட்டி, வழக்கம்போல இருக்கலாம்.

பெரிய பள்ளி மௌலவியை நாங்கள் ஹஸ்ரத் என்போம். அவருக்கு இது பிடிக்கவில்லை.

“ஒவ்வொரு பள்ளியிலயும் ஒராள் நிண்டு வாயால சொல்லவேணும். பெட்டி சொல்ற பாங்கு என்ன பாங்கு?”

“பெட்டி சொல்லல்ல ஹஸ்ரத். நீங்க சொல்றதத்தான் அது கொண்டுபோகுது. பதிஞ்சு வைக்கிறேல்ல.”

“உனக்கு உன்ர காக்காட இடம் போகக்கூடாது. அதுதானே?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். “சரி. ஒரு வாய் கிடைக்கும் வரைக்கும் செய். நோன்பு வருது, கவனமாச் செய்” என்றார்.

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சிறிய கம்ப்யூட்டரைத் தக்கியாவின் அலுமாரிக்குள் வைத்தேன். அதில் இரண்டு கம்பனிகளின் சிம் போட்ட இரண்டு டொங்கிள். எங்கள் கரையில் ஒரு கம்பனியின் சிக்னல் காலையில் நன்றாக இருக்கும், பின்னேரம் விழும். மற்றது மழைக்கு விழும். ஒன்றை மட்டும் நம்பினால் பாங்கு நடுவில் அறுந்துவிடும். இரண்டு பாதையையும் சேர்த்து ஒரே தொடர்பாக நடத்துவதற்கு ஒரு நிரல் இருக்கிறது. அது திரையில் ஒன்றும் காட்டாது. கம்ப்யூட்டர் எழும்பும்போது தானும் எழும்பி, பின்னால் நின்று, எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது, எதில் எவ்வளவு அனுப்பலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அது எப்படி நடக்கவேண்டும் என்பதை ஒரு கோப்பில் வரிவரியாக நாம் எழுதிக் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்கு எனக்கு ஒரு மாதம் போனது.

எல்லாம் இங்கிலிஷில் இருந்தது. போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து வாசித்தேன். மொழிபெயர்ப்பு விளங்காத இடத்தில் செய்து பார்த்தேன். இரண்டாவது சிம்முக்கென்று தனியாக வழி எழுதிக் கொடுக்காவிட்டால், அதிலிருந்து கிளம்புவதும் முதல் சிம்மின் வாசலால்தான் வெளியேறும் என்று கண்டுபிடிக்க மட்டும் ஒரு கிழமை. ஒரு பின்னேரம் முதல் டொங்கிளைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தேன். பெரிய பள்ளியிலிருந்து அஸர் பாங்கு இரண்டாவது சிம்மால் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. காக்கா தக்கியா வாசலில் நின்று கேட்டார். கண் நிறைந்திருந்தது. கொப்பியில் எழுதிக் காட்டினார்: “ஹஸ்ரத் மூச்சை இடையில விடுறார். ஆனா பரவாயில்ல.” இரண்டு பேரும் சிரித்தோம். அவருடைய சிரிப்புக்குச் சத்தமில்லை, தோள்தான் குலுங்கும்.

இனி நான் செய்த பிழையைச் சொல்லவேண்டும்.

அந்தக் கோப்பில் ஒரு வரி, ஒரு பாதையில் அனுப்பியது போய்ச் சேராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது. ஒலியை வாங்கி ஒலிபெருக்கிக்குக் கொடுக்கிற நிரலில் இன்னொரு வரி, பிந்தி வந்த ஒலியை எறிந்துவிட்டு நடக்கிற இடத்துக்குத் தாவுவதா, அல்லது வைத்திருந்து ஒன்றும் விடாமல் ஒலிப்பதா என்பது. நேரலைக்கு எறிவதுதான் நல்லது என்று வாசித்த பக்கத்தில் எழுதியிருந்தது. வாசித்தேன், விளங்கியது. ஆனால் அது பாட்டுக்கும் கிரிக்கெட்டுக்கும் சொன்னது என்று நினைத்தேன். பாங்கில் ஒரு சொல்லை எறிவதா? அல்லாஹ்வின் பெயர் பாதியில் அறுந்து ஒலிபெருக்கியில் வருவதா? அதற்குத் துணை போக என் கை வரவில்லை. காத்திருக்கிற நேரத்தை நீட்டினேன். ஒன்றையும் எறியாதே என்று எழுதினேன். எழுதும்போது பிஸ்மி சொல்லித்தான் எழுதினேன்.

நாளடைவில் நிரல் களைத்துவிடக்கூடாது என்பதற்காக, தினமும் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அது தானாக நின்று மீண்டும் தொடங்கும்படியும் வைத்தேன்.

நோன்பு வந்தது.

டாக்டர் காக்காவை நோன்பு பிடிக்க வேண்டாம் என்றிருந்தார். ஹஸ்ரத்தும் வந்து, நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று விளங்கப்படுத்தினார். காக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கொப்பியில் எழுதினார்: “அடுத்த நோன்புக்கு நான் இருக்க மாட்டன். இந்த முப்பதையும் முழுசாப் பிடிச்சிட்டுப் போகவேணும்.” மதினி அதை வாசித்துவிட்டு அடுப்படிக்குள் போனா.

அவருக்கு விடியுமுன் சாப்பிடுகிற சஹர்தான் கஷ்டம். மற்றவர்கள் கலண்டரைப் பார்த்துப் பத்து நிமிடம் முன்னரே வாயைக் கொப்பளித்துவிடுவார்கள். காக்கா இரண்டு மணிக்கே எழும்பிக் கஞ்சித் தண்ணீரைத் தொடங்கினாலும் முடியாது. விடியற்காலை சுபஹ் பாங்கு தொடங்கும் வரைக்கும் ஒவ்வொரு கரண்டியும் அவருக்கு வேண்டும். பகல் முழுக்க அதுதான் அவருடைய ஈரம். கடிகாரத்தைப் பார்த்து நடக்கலாமே என்று நான் ஒரு நாள் கேட்டேன். “இத்தனை வருசம் ஊர் என்ர பாங்கை நம்பிச் சாப்பாட்டை நிப்பாட்டினது. இப்ப நான் மற்றாளை நம்பி நிப்பாட்டுறன்” என்று எழுதினார். அதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. ஊர் நம்பி ஒப்படைத்த அமானிதம் தோளை விட்டு இறங்கிய நிம்மதி என்று நினைக்கிறேன்.

பத்தொன்பதாம் நோன்பு சஹர். நாங்கள் சாப்பிட்டு முடித்துவிட்டோம். மனைவி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தா. பெரிய பள்ளியில் பாங்கு தொடங்கியது. அது முடிகிற நேரம் என் போன் அடித்தது. மதினி.

“தம்பி, காக்காவுக்குக் கஞ்சி இறங்காம அடைச்சிட்டு. பயந்து போனன். இப்ப சரி. இனிக் குடுக்கலாமோ? கொஞ்சம் கிடக்கு.”

“மதினி, பாங்கு சொல்லி முடிஞ்சுதே.”

“என்ன கதைக்கிறீங்க? இங்க இன்னும் சொல்லேல்ல. சத்தமே இல்ல.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். “கரண்ட் இருக்கா, அலுமாரியில பச்சை வெளிச்சம் எரியுதா” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்துங்கோ, தண்ணீர் கொடுக்காதேங்கோ என்று சொல்லவேண்டிய நேரத்தில் வெளிச்சத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். மறுபக்கத்தில் கரண்டி கோப்பையில் முட்டுகிற சத்தம் கேட்டது. காக்கா விழுங்குவதும் கேட்டது. மூன்று தரம், நான்கு தரம். அதன்பிறகு போனுக்குள்ளால், நான் ஏற்கெனவே கேட்டு முடித்த அதே பாங்கு, அதே இடத்தில் ஹஸ்ரத் மூச்சு விட்டு, மெதுவாகத் தொடங்கியது.

“இந்தா, இப்ப சொல்றாங்க” என்றா மதினி. கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. “வைக்கிறன் தம்பி. நோன்புக்கு நிய்யத்து வைக்கவேணும்.”

சுபஹ் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் தக்கியாவுக்குப் போனேன். காக்கா திண்ணென்று தஸ்பீஹ் மணியோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்ன விசயம் என்று புருவத்தால் கேட்டார். “சும்மா பார்க்க வந்தனான் காக்கா” என்றேன். நோன்போடு அவரிடம் சொன்ன முதல் பொய்.

அலுமாரியைத் திறந்து, நிரல் எழுதி வைத்த குறிப்புகளைப் பார்த்தேன். எங்கள் கரையில் காற்று விழுந்து கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கிற விடியப்புறங்களில், போனில் மறுகரைக் கம்பனியின் பெயர் வந்து நிற்கும். இந்தியக் கோபுரம். எங்களில் இது தெரியாதவர் இல்லை. பெயர் வரும், கோடு வரும், ஆனால் ஒன்றும் போகாது, ஒன்றும் வராது. இரண்டாவது டொங்கிள் அதைத்தான் பிடித்திருந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நிரலுக்குப் பாதை திறந்திருப்பதாகவே தெரிந்தது. அந்தப் பாதையில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, நான் எழுதியபடி, காத்திருந்தது. முதல் பாதையால் வந்தவை வந்தும், முன்னால் நிற்கவேண்டியவை வரும் வரைக்கும், தொழுகை ஸஃபில் நிற்பவர்கள் மாதிரி வரிசை குலையாமல் நின்றன. பாங்கில்லாத நேரத்தின் மௌனமும் அந்த வரிசையில் நின்றது. ஒவ்வொரு தடங்கலுக்கும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று பின்னிரவு முழுக்கச் சேர்ந்து, சுபஹுக்கு ஆறு நிமிடம் பிந்திவிட்டது. லுஹருக்குப் பிறகு நான் வைத்த ஏற்பாட்டின்படி நிரல் நின்று தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிடும். பின்னேரம் காற்று எழும்பும், மறுகரைப் பெயர் போய்விடும். நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு நேரத்துக்கு வரும். ஆகையால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரு சொல்லும் விடுபடவில்லை. முழுதாகத்தான் வந்தது.

இரண்டு வரிகளையும் அங்கேயே மாற்றினேன். பிந்தியதை எறி என்று எழுதினேன். மறுகரைக் கோபுரத்தைப் பிடிக்காதே என்று டொங்கிளுக்கும் சொல்லி வைத்தேன். பத்து நிமிட வேலை. அலுமாரியைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். சொல்லவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இனிச் சரி, நடந்தது அல்லாஹ்வுக்குத் தெரியும், தெரியாமல் செய்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நோயாளி மனிதர், முப்பது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார், அவருடைய எண்ணிக்கையை நான் ஏன் உடைக்கவேண்டும் என்றும் நினைத்தேன். இரக்கம் என்று நினைத்தேன். பயம் என்று இப்போது தெரிகிறது.

இரண்டு நாள் கழித்து இரவுத் தராவீஹ் தொழுகைக்கு முன் காக்கா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கொப்பியில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்.

“பாங்கில ஹய்ய அலல் ஃபலாஹ் பாதியில அறுபடுது. முந்தநாள் வரைக்கும் அறுபடேல்ல. என்ன செய்தாய்?”

வாழ்நாள் முழுக்கப் பாங்கு சொன்ன மனிதருக்கு அது தெரியாமல் போகுமா? வேறு ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பொய் சொல்ல வாய் திறந்தேன், வரவில்லை. அவருக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. கழுத்துத் துவாரத்தால் மூச்சு சீறிச் சீறி வந்தது. நான் முடித்ததும் பேனையை எடுத்தார்.

“எத்தனை நாள்?”

“தெரியாது காக்கா.”

அந்தக் கேள்விக்குக் கீழே ஒரு கோடு போட்டு மறுபடி என்னிடம் நீட்டினார்.

உண்மையிலேயே தெரியாது. நிரலின் குறிப்புகள் கம்ப்யூட்டரை நிறுத்தித் தொடங்கினால் அழிந்துவிடும். பதினாறாம் நோன்பன்று கரண்ட் போய் வந்தது. ஆகையால் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது மூன்று நாளுக்குத்தான் குறிப்பு இருந்தது. மூன்று நாளும் பிந்தியிருந்தது. அதற்கு முந்தியவை அழிந்துவிட்டன.

ஹஸ்ரத்திடம் போனேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். “விடிஞ்ச பிறகு தெரியாமச் சாப்பிட்டாலும் அந்த நோன்பு கூடாது. களாவாத் திருப்பிப் பிடிக்கவேணும்” என்றார். “தெரிஞ்ச நாள் மூண்டு. மற்றது சந்தேகம். சந்தேகத்தால நோன்பு முறியாது. பாங்கு வரைக்கும் குடிச்ச ஆக்கள் மூண்டு நோன்பு களாச் செய்யட்டும். நானே தக்கியாவில வந்து சொல்றன்.”

வந்து சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அநேகமானோர் கலண்டரைப் பார்த்து முன்னரே நிறுத்தியவர்கள், அவர்களுக்குப் பாதிப்பில்லை. ஏழெட்டுப் பேர்தான் மாட்டினார்கள். அதில் ஒருவர், “என்ர போன்ல பாங்கு முந்தி அடிச்சது. ஹஸ்ரத் பேணுதலுக்குப் பிந்திச் சொல்றாரெண்டு நினைச்சன்” என்றார். மற்றவர் என்னைப் பார்த்து, “பெட்டியும் சஹர் சாப்பிட்டிட்டுத்தான் பாங்கு சொன்னதாக்கும்” என்றார். சிலர் சிரித்தார்கள். நானும் சிரிப்பது மாதிரி நின்றேன்.

காக்கா மூன்றை ஏற்கவில்லை. “சந்தேகத்தோட நான் போக மாட்டன். கண்டுபிடி” என்று எழுதித் தந்தார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? யோசித்துப் பார்த்தபோது ஒரு வழிதான் இருந்தது. கடல் அசையாமல் கிடந்த விடியப்புறங்களில்தான் மறுகரைப் பெயர் வரும். அந்த நாட்கள் எவை என்று கடலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். நோன்புப் பின்னேரங்களில் வலை திருத்திக்கொண்டிருந்த ஆட்களிடம் ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்தேன்.

“எண்டெண்டைக்குக் கடல் சும்மா கிடந்ததெண்டு கேக்கிறியா? மீன் படாத நாளெல்லாம் எனக்கு ஞாபகம். கடல் கிடந்த கிடை ஆருக்கு ஞாபகம்?” என்றார் ஒரு மூத்தவர்.

“நானா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ.”

“ஏழாம் நோன்பு கண்ணாடி மாதிரிக் கிடந்தது. கரையில சிகரெட் பத்தினவன்ர நெருப்புத் தெரிஞ்சது.”

“நோன்பில சிகரெட்டா?” என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார்.

“சஹருக்கு முந்தியடா! நீ உன்ர வலையைப் பார்.” பிறகு என்னிடம் திரும்பினார். “எட்டும் அப்பிடித்தான். ஒன்பது இல்ல, ஒன்பதில வாடைக்காத்து.”

“ஒன்பதில எங்க காத்து? ஒன்பதில நான் தண்டு வலிச்சு வந்தனான்” என்றார் மற்றவர்.

“நீ எண்டைக்குத் தண்டு வலிச்சனீ? என்ஜின் பழுதெண்டு சொல்லு.”

இப்படியே போனது. ஒருவர் கணக்கில் ஏழு நாள், ஒருவர் கணக்கில் ஒன்பது, ஒருவர் கணக்கில் பதினொன்று. காக்கா மூன்று கணக்கையும் கொப்பியில் எழுதிப் பார்த்துவிட்டுப் பதினொன்றைச் சுற்றி வட்டம் போட்டார்.

இருபத்தைந்தாம் நோன்பன்று அவரே அலுமாரியைத் திறந்து பெட்டியின் வயரைப் பிடுங்கினார். திறப்பை இடுப்பிலிருந்து கழற்றி, முழங்கால் வலியால் கடலுக்குப் போவதை விட்டிருந்த ஒருவரின் கையில் வைத்தார். கரகரத்த குரல், இழுத்துச் சொல்லத் தெரியாது. ஆனால் தக்கியாவில் நின்று, மேற்கைப் பார்த்து, தன் வாயால் சொன்னார். காக்கா அன்று மூன்றாம் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் தொழுதார். எந்த இடத்தைக் காப்பாற்றுவதற்கென்று நான் ஒரு மாதம் அந்தக் கோப்பை எழுதினேனோ, அந்த இடம் ஒரு நிமிடத்தில் போனது. அவர் என்னைக் குறை சொல்லி ஒரு எழுத்தும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்தத் தாளைக் கிழித்தெடுத்துப் பத்திரமாக வைத்திருப்பேன்.

முப்பதையும் பிடித்தார். பெருநாளன்று மதினி கொடுத்த வட்டிலப்பத்தில் ஒரு கரண்டி நக்கினார். பெருநாளுக்கு அடுத்த நாளே களாவைத் தொடங்கிவிட்டார்.

“கொஞ்சம் உடம்பு தேறட்டும் காக்கா, வருசம் கிடக்குத்தானே” என்றேன்.

வருடம் என்ற சொல்லுக்கு அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை.

நான்கு பிடித்தார். ஐந்தாவதன்று லுஹருக்கு முன் விழுந்தார். மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சேலைன் ஏற்றினார்கள். ஆறு நாள் கட்டிலில் கிடந்தார். கொப்பியைக் கேட்டார், கொடுத்தோம், பேனையைப் பிடிக்க முடியவில்லை. விரலை நீட்டி என் உள்ளங்கையில் எதையோ எழுதினார். என்ன எழுத்தென்று எனக்கு விளங்கவில்லை. மறுபடி எழுதுங்கோ என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் மௌத்தானார். தக்கியாவுக்குப் பின்னாலுள்ள மையவாடியில் அடக்கினோம். மணல் இலகுவாகத் தோண்டுப்பட்டது.

மூன்றாம் நாள் ஹஸ்ரத்திடம் கேட்டேன். ஏழு நோன்பு மிச்சம், என்ன செய்வது?

“நோயோட போன ஆளுக்குக் கடமை ஒண்டும் மிச்சமில்ல. அல்லாஹ் இரக்கமுள்ளவன். உன்ர மனசைப் போட்டு உடைக்காத.”

“நான் பிடிக்கலாமோ அவருக்காக?”

“பிடிக்கலாம் எண்டு சொன்ன இமாம்கள் இருக்கினம். பிடிச்சா நல்லது. பிடிக்காட்டியும் அவருக்குக் குறையில்ல.”

பிடித்தேன். திங்களும் வியாழனுமாக ஏழு. கடையில் உட்கார்ந்திருப்பேன், ஆட்கள் போன் கொண்டு வருவார்கள், தேத்தண்ணீர் நீட்டுவார்கள், நோன்பு என்பேன். என்ன நோன்பு இப்ப என்று கேட்பார்கள். சொல்ல மாட்டேன். சஹருக்குப் பாங்கை எதிர்பார்ப்பதில்லை. அதற்கு அரை மணித்தியாலம் முன்னரே வாயைக் கட்டிவிடுவேன். தாகம் வரும்போதெல்லாம் அவருக்கு இதைவிடத் தாகம் என்று நினைப்பேன். அந்த நினைப்பு ஒன்றையும் லேசாக்கவில்லை. யாருக்காகப் பிடிக்கிறேன், அவருக்கா எனக்கா என்ற கேள்வி ஒவ்வொரு பின்னேரமும் வரும். ஏற்றுக்கொள்கிறவன் அறிவான்.

ஏழாவது நோன்பைக் காக்கா வீட்டில் திறந்தேன். மதினி, கணவன் போனால் பெண்கள் ஒதுங்கியிருக்கிற இத்தாவில் இருந்ததால், திரைக்கு மறுபக்கத்தில் இருந்தா. அவவின் மகள் கஞ்சியும் ஈச்சம்பழமும் கொண்டு வந்து வைத்தாள். புது மோதினாரின் கரகரத்த பாங்கு தக்கியாவிலிருந்து வந்தது. நேரத்துக்கு வந்தது. தண்ணீரைக் குடித்தேன்.

“இதோட முடிஞ்சுதோ தம்பி?” என்று திரைக்குப் பின்னால் கேட்டா.

“ஏழு முடிஞ்சுது மதினி. ஆனா வாற திங்களும் பிடிக்கப்போறன்.”

“ஏன்?”

“கடல்ல போன ஆக்கள் சொன்ன கணக்குத்தானே அது. பதினொண்டோ பதினைஞ்சோ ஆருக்குத் தெரியும்.”

பாங்கு முடிந்திருந்தது. ஆட்கள் தக்கியாவுக்குப் போகிற செருப்புச் சத்தம் வெளியே கேட்டது. நானும் எழும்பவேண்டும், எழும்பவில்லை.

“நானும் பிடிக்கிறன்” என்றா மதினி. “அவர் மௌத்தான கிழமையில இருந்து பிடிக்கிறன். இண்டைக்கும் நோன்புதான்.”

“நீங்க ஏன் மதினி? பிழை விட்டது நான்.”

“நீங்க பெட்டியில எழுதினீங்க. கரண்டியால வாயில ஊத்தினது ஆர்? அண்டைக்கு நீங்க போன்ல சொன்னீங்கதானே, பாங்கு முடிஞ்சுதெண்டு. எனக்குக் கேட்டது தம்பி. கேட்டும் குடுத்தனான். பகல் முழுக்க நாக்கு ஒட்டிப்போய்க் கிடப்பாரே எண்டு இன்னும் நாலு கரண்டி குடுத்தனான்.”

திரை அசையவில்லை. அந்தப் பக்கம் அப்போதுதான் அவ கோப்பையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பாங்கு சொல்லி இவ்வளவு நேரமாகியும் அவ இன்னும் நோன்பு திறக்கவில்லை.